ஏழாம் பக்கம்

ஒரு தனியார் பள்ளியில் திருமலைக்கொழுந்து என்றொரு முதல்வர் இருந்தார். திங்கட்கிழமைதோறும் ஆசிரியர்களைக் கூட்டி ஒரு மணி நேரம் பேசுவார். டைப்பிஸ்ட் செசிலி குறிப்பெடுப்பாள்.

ஒரு விருதுக்கு விண்ணப்பிக்க ஆசைப்பட்டு அவளைக் கூப்பிட்டார். "வாராவாரம் நான் ஆசிரியர்களுக்கு எப்படித் துணையா நின்னேன்னு, கூட்டத்துல அவங்க வாயால வந்த வார்த்தையை மட்டும் வச்சு எழுதணும். பத்துப் பக்கம், சாயங்காலத்துக்குள்ள. முடியலைன்னா நாளைக்கு நீ வர வேண்டாம்."

சாயங்காலம் பத்துப் பக்கமும் மேசைக்கு வந்தது. ஒவ்வொரு வாரமும் ஆசிரியர்களின் பெயர்கள், எதிரே "சரி சார்."

"என்ன விளையாட்டு இது?"

"நீங்க கேட்டபடிதான் சார். அவங்க வாயால வேற எதுவும் வரலை."

கோபத்தோடு புரட்டியவர் ஏழாம் பக்கத்தில் நின்றார். கணக்கு டீச்சர் மரகதவல்லியின் பெயருக்கு எதிரே, "சார், ஒரு நிமிஷம்" என்றிருந்தது. அடுத்த வாரத்திலிருந்து அந்தப் பெயரே இல்லை. பதினாறு வருஷம் பாடம் நடத்தியவர், காரணம் சொல்லாமல் வேலையை விட்டுப் போயிருந்தார்.

"அன்னைக்கு நான் என்ன சொன்னேன்?"

"அப்புறம் பேசலாம்னு சொன்னீங்க சார்."

முதல்வர் கண்ணாடியைக் கழற்றினார். "அவங்க என்ன சொல்ல வந்தாங்க?"

"தெரியலை சார்." செசிலியின் குரல் இறங்கிவிட்டது. "பக்கத்து நாற்காலியிலதான் இருந்தேன். எழுதிக்கிட்டேனே தவிர, நானும் கேக்கலை."