மடக்கு சீட்டுக்கு இரண்டு தகப்பன்கள்

கெட்டிக்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்து ஒரு நல்ல காரியத்தைக் குட்டிச்சுவராக்கிய கதை இது. முட்டாள்கள் செய்திருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன்.

கோவைக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் விஜயகுமாரி என்று ஒரு கணக்கு டீச்சர். ஒரு விபத்துக்குப் பிறகு அவருக்குச் சக்கர நாற்காலிதான் கதி. வீட்டு வேனில் நடுச் சீட் வழியை அடைத்துக்கொண்டு நிற்கும், நாற்காலி உள்ளே போகாது. தினமும் கணவர்தான் அவரைத் தூக்கி உட்கார வைப்பார். பள்ளிக்கூட வாசலில், பிள்ளைகள் பார்க்கப் பார்க்கத் தூக்கி இறக்குவார். டீச்சருக்கு உயிரே போகும். இந்த வேலையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா என்கிற அளவுக்கு வந்துவிட்டார்.

கடைசியாக, சீட் பட்டறை வைத்திருந்த மருதாசலத்திடம் போனார். நடுச் சீட்டை மடக்கி, வேனின் பக்கச் சுவரோடு நிறுத்திவிட முடியுமா என்று கேட்டார். மருதாசலம் செய்து கொடுத்தார். வேலைக்காரர்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கினால் மடக்கிய சீட் டமாரென்று கீழே விழுந்தது. பக்கத்துப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் இளம்பரிதி வந்து, சீட்டைத் தூக்கியதும் தானே பிடித்துக்கொள்கிற மாதிரி ஒரு கொக்கிப் பூட்டை வரைந்து கொடுத்தார். அதையும் மருதாசலம் அடித்து மாட்டினார். நாற்காலி வேனுக்குள் நேராக உருண்டு போனபோது டீச்சர் அழுதேவிட்டார். அன்றோடு இந்த இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

இருப்பார்களா? ஆவணியில் நல்ல நாள் பார்த்து, வேனைப் பிள்ளையார் கோயில் முன்னால் நிறுத்திப் பூஜை போட்டார் மருதாசலம். மாலை, சந்தனம், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், வந்தவர்களுக்கெல்லாம் சுண்டல். கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சீட்டை மடக்கிக் காட்டினார், விரித்துக் காட்டினார். மற்ற பட்டறைக்காரர்கள் உள்ளே தலையை விட்டு அடிவரைக்கும் பார்த்தார்கள். பேராசிரியருக்கு வாய் சும்மா இருக்குமா? மைக்கை வாங்கி, கொக்கி எங்கே விழுகிறது, ஸ்பிரிங் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று சாங்கோபாங்கமாக விளக்கினார். அடேயப்பா, என்ன கைதட்டல்!

தை மாதம் ஒரு வேன் கம்பெனி அந்தச் சீட்டைத் தேடிக்கொண்டு வந்தது. அவ்வளவுதான், சிநேகிதம் காற்றில் போயிற்று. பேராசிரியர் சத்தம் காட்டாமல் தன் பெயரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். விஷயம் தெரிந்ததும் மருதாசலம் குய்யோ முறையோ என்று தானும் ஒரு விண்ணப்பத்தைப் போட்டார். பிறகு இரண்டு பேரும் தனித்தனியே டீச்சருக்குப் போன் செய்தார்கள்.

"ஏனுங்க டீச்சர், நான்தான் பண்ணுனேன்னு நீங்க சாட்சி சொல்லோணும். இல்லீன்னா, உரிமை கைக்கு வந்ததும் உங்க வேன்ல இருக்கிற சீட்டைக் கழட்டிப்போடுவனுங்க" என்றார் மருதாசலம்.

பேராசிரியர் படித்தவர் அல்லவா, அதே மிரட்டலை மரியாதையாகச் சொன்னார். "மேடம், என் அனுமதி இல்லாம அந்த சீட்டை நீங்க பயன்படுத்த முடியாத நிலைமை வரலாம். யோசிச்சு சொல்லுங்க."

யார் ஜெயிப்பார் என்று டீச்சருக்கு எப்படித் தெரியும்? தோற்கிறவர் பக்கம் சாய்ந்துவிட்டால் சீட் போகும். சீட் போனால் வேலையும் போகும். இருவரிடமும் "பார்க்கிறேனுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, அன்று சாப்பிடாமலே படுத்துவிட்டார். யாருக்காகச் செய்த சீட்டோ, அவரையே அதை வைத்து மிரட்டுகிற ஜென்மங்களை என்னவென்று சொல்வது?

விசாரணை நாள் வந்தது. காப்புரிமை அதிகாரி நஸ்ரீன் பானு எடுத்த எடுப்பிலேயே சொன்னார்: "விண்ணப்பம் வந்த அன்னைக்கு இது உலகத்துக்குப் புதுசா இருந்துச்சா? நான் முதல்ல பார்க்கிறது அதைத்தான்." இரண்டு மேதாவிகளும் பலமாகத் தலையாட்டினார்கள். காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

"இவரு தையிலதான் எழுதிப்போட்டாருங்க. நான் ஆவணியிலயே ஊரறியப் பண்ணி முடிச்சுட்டேன்! பூசாரியக் கேளுங்க. வந்த பட்டறைக்காரங்க அத்தனை பேரையும் கேளுங்க. பிரிச்சே காட்டுனனுங்க!" என்று எகிறினார் மருதாசலம்.

பேராசிரியர் ஏளனமாகச் சிரித்தார். "அந்த சீட்டுக்கு உயிரே என் பூட்டுதான். அதே பூஜையில மைக்ல விளக்கினது நான். கேட்ட எந்தப் பட்டறைக்காரரும் தானே செஞ்சுக்கலாம், அவ்வளவு தெளிவா சொன்னேன்."

அதிகாரி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அன்னைக்குக் காட்டின சீட்டுல, பூட்டுல, அப்புறம் ஏதாவது மாத்தினீங்களா?"

"ஒரு ஆணிகூட மாத்தலை!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். ஆவணிக்குப் பிறகு அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். கேட்டு யோசனை சொன்னவர் டீச்சர், செய்தவர் மருதாசலம், விழாமல் நிறுத்தியவர் பேராசிரியர், முதலில் விண்ணப்பித்தவரும் அவர்தான். நஸ்ரீன் பானு காப்புரிமையை யாருக்குக் கொடுத்திருப்பார்?

விடை: ஒருவருக்கும் இல்லை. விண்ணப்பத்துக்கு முன்பே ஊரைக் கூட்டி ஒன்று விடாமல் காட்டிவிட்ட பொருள் புதியது ஆகாது. அதை நிரூபிக்க வேறு சாட்சி தேவைப்படவே இல்லை, அந்த வேலையை இருவரும் போட்டி போட்டுக்கொண்டு செய்து முடித்தார்கள். இரண்டு விண்ணப்பங்களும் தள்ளுபடியாயின. அன்று சாயங்காலம் மருதாசலம் டீச்சருக்குப் போன் செய்து, நாலு பேரிடமாவது தன் பெயரைச் சொல்லச் சொல்லிக் கெஞ்சினார். டீச்சர் சொன்னார்: "எங்க பள்ளிக்கூடத்துல நாற்காலியில வர்ற பிள்ளை ஒண்ணு இருக்குதுங்க. அவங்க வேனுக்கும் இதே சீட்டை உங்க எதிர்ப் பட்டறையில போடச் சொல்லிட்டேன். உங்க ரெண்டு பேரையும் கேக்க வேண்டியதில்லையாமுங்க."