தொண்டி என்ற சொல்

துணி தேய்த்துப் பிழைத்த காத்தாயியின் பித்தளை இஸ்திரிப் பெட்டி மேல் மணியக்காரருக்குக் கண். "உனக்கேது இவ்வளவு நல்ல பெட்டி? இது தொண்டி" என்று பறித்துத் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். பிழைப்பை இழந்த காத்தாயி ஒன்பது மைல் நடந்துபோய்த் தாசில்தாரிடம் முறையிட்டாள். அவர் மணியக்காரரையும் வரவழைத்தார்.

"எசமான், தொண்டின்னா என்னங்க?" என்று கேட்டாள் காத்தாயி.

"திருடுபோய், திருடன் வீட்டில் அகப்பட்ட பொருள்" என்றார் தாசில்தார்.

"அப்போ மணியக்காரர் சொன்னது சரிதானுங்க. அது தொண்டிதான்."

மணியக்காரர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"அந்தப் பெட்டி திருடுபோச்சுன்னு ஊர்ல புகார் சொல்றவ நான் ஒருத்திதாங்க. அது இருக்கறது இவரு வீட்டுல."

"வேறு யாராவது புகார் கொடுத்தார்களா?" என்று தாசில்தார் கேட்டார். மணியக்காரர் மீசையிலிருந்து கையை எடுத்தார்.

மறுநாள் காலை அவரே பெட்டியைச் சுமந்துகொண்டு தெரு வழியே வந்தார். காத்தாயி கரியை மூட்டித் தயாராக வைத்திருந்தாள்.