தனபாலனின் விரல்

சேலத்தில் அலாய் வீல் விற்கும் தனபாலன் தன் தப்பை ஒத்துக்கொண்டதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. பட்டறை முதலாளி ராஜமாணிக்கம் தன் பழைய காருக்கு அவரிடம்தான் நாலு வீல் வாங்கினார். பட்டறையில் டயர் மாட்டும் செங்கோடன் முன்பக்கத்து வீலைப் பூட்டிச் சுற்றியபோது, அதன் ஆரக்கால் பிரேக்கில் கறகறவென்று உரசியது. உள்ளே இடம் போதவில்லை என்றான்.

தகவல் போனதும் தனபாலன் நேரிலேயே வந்துவிட்டார். “என் வீலு எந்தக் காருக்கும் சேரும். இவனுக்குப் பூட்டத் தெரியலைங்க, ஆளை மாத்துங்க.”

முதலாளியும் செங்கோடனை முறைத்தார். “சாயங்காலம் குடும்பத்தோட ஏற்காடு போகணும். இதைப் பூட்ட முடியலைன்னா நாளைக்கு வேலைக்கு வராதே.”

ஜாக்கியில் நின்ற காருக்குப் பக்கத்தில் தனபாலன் குந்தினார். இரண்டு ஆரக்கால்களுக்கு நடுவே விரலை விட்டு பிரேக்கைத் தொட்டுக் காட்டினார். “பாருங்க, மோதிரம் போட்ட விரலே உள்ள போகுது. இடமில்லையாம்ல, இடம்!”

செங்கோடன் பணிவாகத் தலையாட்டினான். “ஆமாங்கண்ணா, தாராளமாப் போகுது. நான்தான் சரியாப் பாக்கலை. விரலை அப்படியே வெச்சிருங்க, ஒரே ஒரு சுத்து சுத்திக் காட்டிடறேன்.” டயரில் கை வைத்தான்.

தனபாலன் வெடுக்கென்று விரலை உருவிக்கொண்டார்.

“ஏன் எடுத்தீங்க?” என்றார் முதலாளி.

“அதெப்படிங்க, ஆரக்காலுக்கும் பிரேக்குக்கும் நடுவுல இடமேது, நசுங்கிடுமில்ல!”

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. பட்டறையே சிரித்தது. செங்கோடன் மட்டும் சிரிக்காமல் காரின் பழைய இரும்பு வீலைத் தேடி எடுத்தான். நாலு அலாய் வீலையும் தனபாலனே ஒவ்வொன்றாகச் சுமந்துபோய்த் தன் வேனில் ஏற்றினார்.