கொல்லைக் கதவுக்கு ஒரு வரி

கொற்றமாறன் பூவலூரை ஆண்ட நாளில் அரண்மனையில் யானைகளைவிடப் பண்டிதர்கள் அதிகம். யானையாவது மரம் இழுக்கும். பண்டிதர்கள் சாப்பிட்டுவிட்டு ஆராய்ச்சி செய்வார்கள்.

அவர்களில் முதல் ஆசனம் அர்த்தவாகீசருக்கு. அரசர் எந்த வரியை நினைத்தாலும் அது குடிகளுக்கு நல்லது என்று நிரூபித்துக் கொடுப்பதுதான் அவர் பிழைப்பு. அரசருக்கு வசந்த மண்டபம் கட்டும் ஆசை வந்தது. உப்பு வரியை இரட்டிப்பாக்கினார்கள். சில மாதம் கழித்து அர்த்தவாகீசர் சபையில் எழுந்தார்.

"அரசே, வரி ஏறியும் உப்பு விற்பனை ஒரு படிகூடக் குறையவில்லை. ஆகவே இந்த வரி குடிகளை உறுத்தவில்லை. இன்னும் இரண்டு மடங்கு ஏற்றலாம்."

விகடகவி கூத்தபிரான் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் எழுந்தார்.

"குடிகளைக் கேட்டீர்களா, சுவாமி?"

"கேட்காமலா? சந்தையில் ஒவ்வொருவரையும் நிறுத்தி, மனம் உவந்துதானே வாங்குகிறாய் என்று கேட்டேன். எல்லாரும் ஆமாம் என்றார்கள்."

"அப்போது உங்கள் பக்கத்தில் யார் நின்றது?"

"வேல்வீரர்கள். சந்தை என்றால் கண்ட கண்ட ஆட்கள் வருவார்கள் அல்லவா?"

சபை கலைந்ததும் கூத்தபிரான் நேராகக் கோட்டை வாசலுக்குப் போனார். அங்கே சடைச்சி கூழ் விற்றுக்கொண்டிருந்தாள். அவர் அன்றாடம் குடிப்பது அவளிடம்தான்.

"உப்பு விலை ஏறியும் அதே அளவுதான் வாங்குறியா?"

"உப்பைக் குறைச்சா கூழை யாரு வாங்குவா, சாமி? மோர் ஊத்துறதை நிறுத்திட்டேன். வீட்டுல விளக்கு ஏத்துறதை நிறுத்திட்டேன். இன்னும் ஏத்துனா அடுப்பைத்தான் நிறுத்தணும்."

"பண்டிதர் கேட்டப்போ சந்தோஷமா வாங்குறேன்னு சொன்னியாமே?"

"வேல்கம்பைக் காட்டிக்கிட்டு சந்தோஷமான்னு கேட்டா வேற என்ன சொல்லுறது?" என்றாள் சடைச்சி. சொல்லிவிட்டு, யாராவது கேட்டார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள். அந்தப் பார்வைதான் கூத்தபிரானை அதிகமாகச் சுட்டது.

அவர் அரசரிடம் போய்ச் சொன்னார். அரசர் கையை விரித்தார்.

"கூழ்க்காரி புலம்பினாள் என்பதற்காக ஆராய்ச்சியைத் தள்ள முடியுமா? வெள்ளிக்கிழமை சபையில் பண்டிதர் முழுவதையும் வாசிப்பார். அன்றே வரி ஏறும். முடிந்தால் நீயும் ஓர் ஆராய்ச்சி செய்து எதிர்த்துப் பார். முடியாவிட்டால் வரி விஷயத்தில் இனி உனக்கு வாய் கிடையாது."

"செய்கிறேன், அரசே. அதற்கு அரண்மனைக்குள் ஒரு சின்ன வரி போட்டுக்கொள்ள அனுமதி வேண்டும். வெள்ளிக்கிழமை ஒரு பகலுக்கு மட்டும்."

என்ன வரி என்றுகூட அரசர் கேட்கவில்லை. வரி என்றால் அவருக்கு அவ்வளவு பிரியம்.

வெள்ளிக்கிழமை பண்டிதருக்குக் கூத்தபிரான் வீட்டில் விருந்து. "தொண்டை வறளாமல் வாசிக்க வேண்டுமே" என்று சொல்லிச் சொல்லி இளநீரும் பானகமும் நீர்மோருமாக ஊற்றினார். ஓசியில் கிடைத்ததைப் பண்டிதர் வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமில்லை.

சபை கூடியது. முதல் சுவடியை முடிப்பதற்குள் பண்டிதரின் கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. அரசரிடம் உத்தரவு வாங்கிக் கொல்லைப் பக்கம் ஓடினார். கதவை மறித்துக்கொண்டு காவலன் மாடப்பன் நின்றான்.

"கதவு வரி, சுவாமி. மோதிரத்தைக் கழற்றுங்கள்."

"என்ன உளறுகிறாய்?"

"அரசர் உத்தரவு."

மோதிரம் போனது. திரும்பி வந்து வாசித்தார். கொஞ்ச நேரத்தில் பானகம் வேலையைக் காட்டியது. இந்த முறை பட்டுச் சால்வை போனது. அடுத்த முறை காதுக் கடுக்கன். கடைசியாக ஓடியபோது, அரசர் பரிசாகக் கையில் பூட்டிய தங்கத் தோடாவையே மாடப்பன் கேட்டான்.

"மனம் உவந்துதானே தருகிறீர்கள்?" என்று வேலைத் தரையில் ஊன்றிக்கொண்டு கேட்டான்.

"உவந்துதான், உவந்துதான். வழியை விடப்பா."

பண்டிதர் வெறும் தோளும் வெறும் காதுமாகத் திரும்பி வந்தார். கூத்தபிரான் எழுந்து கைகூப்பினார்.

"அரசே, என் ஆராய்ச்சியும் முடிந்தது. கொல்லைக் கதவுக்கு வரி போட்டேன். தடவைக்குத் தடவை ஏற்றினேன். பண்டிதர் போவது குறையவே இல்லை. மனம் உவந்து தருவதாகக் காவலனிடம் சொல்லியும் இருக்கிறார். ஆகவே இந்த வரி அவரை உறுத்தவில்லை. இன்னும் இரண்டு மடங்கு ஏற்றலாம்."

பண்டிதருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "இது என்ன அக்கிரமம். அடக்க முடியாத காரியத்துக்கு வரி போட்டால் மனிதன் என்ன செய்வான்? கேட்டதைக் கொடுத்துத்தான் தீருவான். அதற்குப் பெயர் சம்மதமா?"

"முடிவுரை எழுத நேரமில்லாமல் இருந்தது, அரசே. பண்டிதரே வாசித்துவிட்டார்" என்று கூத்தபிரான் உட்கார்ந்தார்.

அரசர் பண்டிதரைப் பார்த்தார். வாசலில் தோடாவோடு நின்ற மாடப்பனைப் பார்த்தார். முதலில் மீசை அசைந்தது. பிறகு சிம்மாசனமே குலுங்கும்படி சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் முகம் கொஞ்சம் வாடியது.

"உப்பு வரி இரட்டிப்பாக்கும் முன் இருந்த பழைய அளவுக்கே திரும்பட்டும். மண்டபம் இல்லாமலும் வசந்தம் வரும்" என்றார். "கூத்தபிரானே, வசூலானதெல்லாம் உனக்கே."

பண்டிதர் பதறி முன்னால் வந்தார். "அரசே, என் கடுக்கன், என் தோடா... அவற்றையாவது திருப்பித் தரச் சொல்லுங்கள்."

கூத்தபிரான் பணிவாகக் கேட்டார்: "கட்டின வரியைத் திருப்பிக் கேட்கும் குடிக்கு என்ன தண்டனை என்று போன மாதம் தாங்கள்தானே எழுதிக் கொடுத்தீர்கள்? எனக்கு மறந்துவிட்டது, சுவாமி. சபைக்கு அதைக் கொஞ்சம் வாசிக்கிறீர்களா?"

பண்டிதர் சுவடியை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலைப் பார்க்க நடந்தார்.