காளையின் விலா

ஏகாம்பரத்தின் நெஞ்சுக்குள் கல் தூசி குடியேறிவிட்டது என்று டாக்டர் சொன்னார். இனிமேல் உளியைத் தொட்டால் ஆளே மிஞ்சமாட்டார் என்றும் சொல்லி அனுப்பினார். மாமல்லபுரத்துப் பட்டறைகளில் தலை நரைக்கும்வரை கல் கொத்தியவர் ஏகாம்பரம். அவர் செதுக்கிய நந்திகள் எந்தெந்த ஊர்க் கோயில்களிலோ இருக்கின்றன.

மகன் கடையில் வந்து உட்காரச் சொன்னான்.

"பொம்மைக்கு விலை சொல்றதுக்காடா இந்தக் கை?" என்று கேட்டுவிட்டு, ஏகாம்பரம் நேராகச் செலினின் கொட்டகைக்குப் போனார்.

செலினுக்கு அவருடைய கடைசித் தங்கை வயது. பழைய சட்டை, கிழிந்த குடை, பஸ் சீட் உறை, யாரோ வீசிய லாரித் தார்ப்பாய் என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்துத் தைத்து, உள்ளே கந்தல் அடைத்து ஆளுயரச் சிற்பங்கள் செய்கிறவள். பெரிய ஊர்களில் அவற்றைக் கண்காட்சிக்குக் கேட்டு வாங்கிப் போனார்கள். 'இதெல்லாம் சிற்பமாம்' என்று ஒரு காலத்தில் பட்டறையில் உட்கார்ந்து சிரித்தவர்களில் ஏகாம்பரமும் உண்டு. இப்போது அவளையே டீச்சர் என்று கூப்பிட்டு, அவள் முன்னால் கைகட்டி நின்றார்.

"டீச்சர், கல்லு போயிடுச்சு. இனிமே நான் சிற்பிதானா, இல்லையா? அதை மட்டும் சொல்லிடுங்க."

செலின் ஒரு கோணி ஊசியை எடுத்து நீட்டினாள்.

"முதல்ல இதுல நூலைக் கோத்துக் குடுங்கண்ணா."

அதற்கே அவருக்கு வியர்த்துவிட்டது.

காளை செய்வதென்று முடிவெடுத்தார். "நிமிர்ந்து நிக்கணும் டீச்சர். கல்லு மாதிரி நிக்கணும்."

"நிக்கட்டும்" என்றாள் செலின்.

தார்ப்பாயில் உடம்பு. பழைய பேண்ட்டுகளில் கால்கள். அத்தனை வருஷமும் மூக்கில் கட்டியிருந்தும் தூசியைத் தடுக்கத் துப்பில்லாத தன் துண்டை எடுத்து, காளைக்கு முகமாக வைத்துத் தைத்தார். அதில் ஏதோ பழி தீர்த்த மாதிரி ஒரு திருப்தி அவருக்கு.

பிறகு அடைக்க ஆரம்பித்தார். கையால் அல்ல, உலக்கையால். விரல் வைத்தால் அமுங்கக் கூடாது என்பது அவர் கட்சி. காளை விறைத்துக்கொண்டு நின்றது. மறுநாள் காலையில் வந்து பார்த்தால் விலாத் தையல் பிளந்து, கந்தல் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

வலை நூலால் தைத்தார். இன்னும் குத்தி அடைத்தார். தொடை பிளந்தது. மனிதர் மசியவில்லை. வீம்பென்றால் அப்படியொரு வீம்பு. இருமல் வந்தால் கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு இருமித் தீர்த்துவிட்டு, திரும்பவும் உலக்கையை எடுப்பார். செலினோ பார்த்தும் பார்க்காத மாதிரி தன் மிஷினில் தைத்துக்கொண்டிருப்பாள். அது அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கழுத்தும் பிளந்த அன்று உலக்கையைக் கீழே போட்டார்.

"ஒண்ணும் சொல்லித் தர மாட்டேங்கறீங்க. வந்த அன்னிக்குக் கேட்டதுக்கும் பதிலைக் காணோம்."

"கல்லுல எப்படிண்ணா காளை செய்வீங்க?"

"எப்படின்னா? எடுத்துக்கிட்டே வருவோம். கல்லோட எதையாவது சேர்க்க முடியுமா? எடுக்கத்தான் முடியும்."

செலின் கத்தரிக்கோலை அவர் கையில் வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

கத்தரியையே பார்த்துக்கொண்டு நின்றார் ஏகாம்பரம். பிறகு கழுத்தையும் தொடையையும் ஒட்டுப்போட்டுத் தைத்துவிட்டு, காளையின் முதுகுத் தையலைத் தானே பிரித்தார். உள்ளே கைவிட்டு ஒரு பிடி கந்தலை உருவினார். வயிற்றெரிச்சலாக இருந்தது. மூச்சு வாங்க வாங்க அடைத்ததல்லவா? இன்னொரு பிடி எடுத்தார். கொஞ்ச நேரத்தில் கை தானாகவே போய் வந்தது. எந்த இடத்தில் போதும் என்று அதற்குத் தெரிந்திருந்தது.

முதுகை மூடித் தைத்துவிட்டு எட்ட நின்று பார்த்தபோதுதான் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. காளை முன்னங்காலை மடித்துத் தரையில் இறங்கியிருந்தது.

"படுத்துடுச்சே டீச்சர்!"

"நீங்க செதுக்கின நந்தியெல்லாம் நின்னுக்கிட்டா இருக்கு?"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு இருமலானது. கம்பம் எட்டவில்லை. காளையின் மேலேயே சாய்ந்தார். அது அமுங்கிக்கொடுத்து அவர் முதுகை வாங்கிக்கொண்டது. இருமல் அடங்கும்வரை கண்ணை மூடிக்கொண்டு அப்படியே கிடந்தார். சாவுக்கு அவர் பயப்படவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல் போய்ச் சேர்ந்துவிடுவோமோ என்றுதான் பயந்தார்.

மூச்சு திரும்பியதும் எழுந்து பார்த்தார். காளையின் விலாவில் அவர் முதுகு பள்ளமாகப் பதிந்திருந்தது.

"ஐயையோ, கெடுத்துட்டேனே!" என்று பதறிப்போய், அதைத் தட்டி நிமிர்த்தக் கையை ஓங்கினார்.

செலின் எழுந்து வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க கை வைக்காதீங்கண்ணா. அது சிற்பி வேலை பார்த்த இடம்."