சட்டையின் வலது கை

பிரபுக்களைக் கெஞ்சிக்கொண்டிருந்த ராஜாக்கள் போய், ராஜா வாசலில் பிரபுக்கள் காத்துக் கிடக்கத் தொடங்கிய காலம் அது. கோட்டைக்காரி இசபோவுக்கு அரண்மனையிலிருந்து கடிதம் வந்தது. அவளுடைய ஏழு வயது மகன் லூசியனை அரசரின் பணிக்கு அனுப்ப வேண்டுமாம்.

இசபோ, தான் படித்த கன்னியர் மடத்துக்கு ஓடினாள்.

"பிள்ளையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு நான் எப்படி இருப்பேன், மதர்? கோட்டைக் கதவைச் சாத்திவிடப் போகிறேன். படை வந்தால் வரட்டும். சாத்தலாமா, கூடாதா? நீங்களே சொல்லுங்கள்."

மடத்துத் தலைவி மதர் ஒடில் செபமாலையை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அவர் தூங்கி எழுவதைப் பார்த்துவிட்டு வரலாம், வா."

"யார்?"

"அரசர்தான்."

இரண்டு நாள் வண்டிப் பயணம். அரசர் கண் விழிப்பதைப் பார்க்க, அவருடைய படுக்கையறையில் அந்தக் காலையில் எண்பது பிரபுக்கள் நின்றிருந்தார்கள். இருமல் வந்தவர்கள் விழுங்கிக்கொண்டார்கள்.

கட்டிலருகே இசபோவின் பெரியப்பா ரெனோ. இதே அரசர் சிறுபிள்ளையாக இருந்தபோது, நானூறு குதிரைகளோடு வந்து அவரை அரண்மனையை விட்டே ஓடவைத்தவர். இப்போது, அரசருக்குச் சட்டை மாட்டிவிடும் பெருமை யாருக்கு என்று இன்னொரு பிரபுவோடு கிசுகிசுப்பாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"நேற்று சட்டையின் வலது கையை நீர் பிடித்தீர். இன்று நான்."

"உமக்கு இடது கையே அதிகம். போன வாரம் சட்டையைத் தலைகீழாக நீட்டியவர்தானே!"

"பெரியப்பா, உங்கள் குதிரைகளெல்லாம்..." என்று தொடங்கினாள் இசபோ.

"உஷ்! விழிக்கிறார்."

திரை விலகியது. தூக்கத்தில் வீங்கிய முகம். அம்மைத் தழும்புகள். அவ்வளவுதான், குள்ளமான ஒரு மனிதர். அவர் கொட்டாவி விட்டார். எண்பது பேரும் மூச்சை அடக்கினார்கள். படுக்கையில் உட்கார்ந்தபடியே அவர் கையை நீட்ட, பெரியப்பா முந்திக்கொண்டு சட்டையின் வலது கையைப் பிடித்தார்.

பூசையில் நற்கருணை உயரும்போது கோவிலில் விழுமே ஓர் அமைதி, அது அங்கே விழுந்தது. இசபோ குனிந்து பார்த்தாள். தான் எப்போது முழந்தாளிட்டோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

அரசரின் பார்வை சுற்றி வந்து அவள்மேல் நின்றது.

"லூசியன் நலமா?"

வெளியே வந்ததும் அவள் கண்கள் பொங்கின.

"கேட்டீர்களா மதர்? அவன் பெயர் அவருக்குத் தெரிந்திருக்கிறது! அத்தனை பேர் நிற்க, என் பிள்ளையைக் கேட்டார்!" நடை ஓட்டமாயிற்று. "உடனே பட்டுச் சட்டை தைக்க வேண்டும். நீலமா, வெள்ளையா? அவருக்கு எது பிடிக்கும்?"

மதர் நின்றுவிட்டார்.

"கோட்டைக் கதவைத் திறந்துவிட்டாயே, மகளே. அவர் இன்னும் படுக்கையை விட்டு இறங்கக்கூட இல்லை."