பீடத்தில் ஒரு வரி

நல்லாற்றூர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே தியாகி வைரவன் சிலை நிற்கிறது. அதைத் திறந்த அன்று, அவருடைய மகளே திரைக்கயிற்றைத் தொட மறுத்துவிட்டார். என்ன நடந்தது என்று சொல்கிறேன், தீர்ப்பு உங்களுடையது.

நாற்பத்திரண்டாம் ஆண்டுப் போராட்டத்தில் வைரவன் தாலுகா கச்சேரியில் கொடியேற்றிவிட்டுத் தலைமறைவானார். தேடி வந்தது வெளியூர்ப் போலீஸ். ஆள் அடையாளம் தெரியாது. அவர் வீட்டிலிருந்த நண்பர் சவரிமுத்து, "நான்தான் வைரவன்" என்று கையை நீட்டினார். அந்தப் பெயரிலேயே மூன்று ஆண்டு சிறை. அங்கே வாங்கிய அடியில் இடது காது போயிற்று. வைரவனோ அந்த மூன்று ஆண்டும் ஊர் ஊராகத் துண்டறிக்கை சுமந்து, போராட்டம் அணையாமல் பார்த்துக்கொண்டார்.

நாடு விடுதலை பெற்றபின் உண்மையைச் சொல்லிவிடத் துடித்தார் வைரவன். சவரிமுத்து விடவில்லை. "பேருக்காகவா போனேன்? என் பேர் எந்தக் கல்லிலும் வரக்கூடாது" என்று நண்பரிடமும் தன் மகள் ஞானப்பூவிடமும் சத்தியம் வாங்கினார். வைரவன் சாகும் தறுவாயில் தன் மகள் மீனலோசனியிடம் எல்லாவற்றையும் சொல்லி, "எனக்குக் கல் நாட்டினால் அதில் பொய் இருக்கக்கூடாதம்மா" என்றார்.

பல ஆண்டுகள் கழித்துச் சிலை வந்தது. பீடத்தில் 'மூன்றாண்டு சிறைவாசம் கண்ட தியாகி' என்று வெட்டியிருந்தார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியையான மீனலோசனி நகராட்சிக்கு ஓடினார். பொறியாளர் தலைவரைப் பார்க்கச் சொன்னார். தலைவர் பொறியாளரைப் பார்க்கச் சொன்னார். ஆறு முறை அலைந்து நொந்து, ஏழாம் முறை இருவரையும் ஒரே அறையில் பிடித்தார்.

"யார் பேரையும் சேர்க்க வேண்டாம். அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துடுங்க. ஜெயிலுக்குப் போனது ஞானப்பூவோட அப்பா."

"சிறைப் பதிவேட்டுல வைரவன்னுதானே இருக்கு? கவர்மெண்ட் ரெக்கார்டு பொய்யா டீச்சர்?" என்றார் பொறியாளர்.

தலைவர் ஞானப்பூவை வரவழைத்தார். "உங்கப்பா ஜெயிலுக்குப் போனாராம்மா?"

"எங்கப்பா எங்கேயும் போகலைங்க" என்றார் ஞானப்பூ, தரையைப் பார்த்தபடி.

வாசலில் மீனலோசனி அவரை மறித்தார். "தெரிஞ்சே இப்படிச் சொல்லிட்டியே!"

"அப்பாவுக்குக் குடுத்த வாக்கு, அக்கா. என்னை வேற என்ன செய்யச் சொல்றீங்க?"

திறப்பு விழாவில் கயிற்றை மீனலோசனியிடம் நீட்டினார்கள். அவர் வாங்கவில்லை. ஒலிபெருக்கி அவர் பெயரை மூன்று முறை கூப்பிட்டது. அவர் மேடையிலிருந்து இறங்கி நடந்தார். தலைவரே கயிற்றை இழுத்தார், கூட்டம் கைதட்டியது.

வாக்கைக் காக்கப் பொய் சொன்னார் ஒரு மகள். பொய்க்குத் துணைபோக மாட்டேன் என்று தந்தையின் சிலையையே விட்டு இறங்கினார் இன்னொரு மகள். இவர்களில் யார் செய்தது சரி?

விடை: மீனலோசனி செய்ததே சரி. சவரிமுத்து கேட்டது தன் பெயர் வரக்கூடாது என்பதை மட்டுமே; தன் சிறைவாசத்தை நண்பர் பெயரில் எழுதச் சொல்லவில்லை. அந்த வரியை எடுத்திருந்தால் இரண்டு தந்தையரின் சொல்லும் நின்றிருக்கும். ஞானப்பூ வாயே திறக்காமல் இருந்திருந்தாலும் வாக்கு கெட்டிருக்காது. ஆனால் விடை தெரிந்து என்ன? ஒவ்வோர் ஆகஸ்டிலும் நகராட்சி அந்த வரிக்குத் தவறாமல் தங்க வண்ணம் பூசுகிறது.